கடைக்கு ‘உதவி’யாகப் போன இரண்டரை நாள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் களுவாஞ்சிகுடியில் இருக்கும் ஓய்வுபெற்ற தபாலதிபர். 32 வருடம் மற்றவர்களுடைய கடிதங்களுக்கு முத்திரை குத்தியவன், பத்திரிகைக்கென்று சொந்தமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத வைத்தது போன மாதம் பக்கத்து வீட்டில் நடந்த கலியாணப் பேச்சு. மாப்பிள்ளை அமெரிக்காவில் கொம்பனி விசாவில் வேலை. பெண்ணுக்குக் கிடைக்கப்போவது கூடப்போகிற விசா, அதில் வேலை செய்ய முடியாது. இதைக் கேட்ட ஒரு பெரியவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, “வேலை செய்ய ஏலாட்டி என்ன, எங்கட ஆக்களின்ட கடை ஒண்டில சும்மா போய் நிண்டு பழகட்டும். சம்பளம் வாங்காட்டிச் சரிதானே” என்றார். சபை தலையாட்டியது. எனக்குத் தேத்தண்ணி இறங்கவில்லை. அந்தச் ‘சும்மா’வை நம்பி என் மூத்த மகள் பட்ட பாட்டை அங்கே சொல்ல வாய் வரவில்லை. நல்ல காரியம் பேசுகிற வீடு. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் ‘தொண்டர்’ என்ற சொல்லுக்கு ஒரு தனிப் பொருள் இருக்கிறது. என் மகள் அந்தப் பொருளையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினாள். உயர்தரம் சித்தியடைந்தும் வெட்டுப்புள்ளியில் பல்கலைக்கழகம் தவறிப்போக, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு பாடசாலையில் தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்தாள். காலை ஆறேகாலுக்குச் சைக்கிள் எடுத்தால் குருமண்வெளித் துறை, சைக்கிளோடு பாதை ஏறி மண்டூர்க் கரை, அங்கிருந்து வயல் நடுவே இன்னும் அரை மணித்தியாலம். (வெளி மாவட்ட வாசகர்களுக்கு: வாவியைக் கடக்கிற அந்த மிதவைக்கு எங்கள் ஊரில் ‘பாதை’ என்றுதான் பெயர்.) மாரி காலத்தில் சப்பாத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு போவாள். சம்பளம் கிடையாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் மாதம் 3,000 ரூபாய் கொடுத்தது, கொடுக்காத மாதங்களும் இருந்தன. ஆனாலும் நிரந்தர ஆசிரியர் மாதிரியே நேரசூசி, நேரத்துக்குக் கையெழுத்து, பிந்தினால் அதிபரிடம் பேச்சு. வருட முடிவில் ஒரு சேவைக் கடிதம். அப்படி 4 கடிதங்களைப் பொலித்தீன் உறையில் போட்டு அலுமாரியில் வைத்திருந்தாள். என்றைக்காவது நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள், அன்றைக்கு அந்த உறை பேசும் என்று ஒரு நம்பிக்கை. இன்றைக்குச் சும்மா செய், நாளைக்கு நியமனம் வரும். கிழக்கில் எத்தனை பிள்ளைகளின் இளமை இந்த ஒரு வரியில் கரைந்திருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நேர்முகம் வரவில்லை, கலியாணம் வந்தது. மாப்பிள்ளை என் அக்காவின் மகன். நியூ ஜேர்சியில் எச்-1பி என்கிற விசாவில் கணினி வேலை. மகளுக்குக் கிடைத்தது எச்-4. இந்த எச்-4 காரருக்கும் வேலை அனுமதி கேட்கிற வழி ஒன்று 2015 மே 26 முதல் இருக்கிறது. ஆனால் கணவனுக்காகக் கொம்பனி போட்ட கிறீன் கார்ட் மனு ஒரு கட்டத்தைத் தாண்டியிருக்க வேண்டும். மருமகனுடையது அப்போது தாண்டவில்லை. மகள் போய் இறங்கியது பனிக்காலம். அவன் காலை ஏழரைக்குப் போனால் இரவுதான் வருவான். “அப்பா, இஞ்ச ரோட்டில ஒரு மாடு கூட இல்ல” என்றாள் ஒரு நாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் 4 வருடம் விடியப் பாதை ஏறிப் பழகிய பிள்ளை பகல் முழுக்க யன்னலுக்குள் இருப்பது எப்படி என்று எனக்கு விளங்கியது.

அப்போதுதான் அந்தக் கடை வந்தது. எங்கள் ஆட்களில் ஒருவர் நடத்துகிற பலசரக்குக் கடை. பெயர் வேண்டாம். அவர் கெட்ட மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை, அவருக்கும் சட்டம் சரியாகத் தெரியாமல் இருந்திருக்கலாம். “தங்கச்சி வீட்டில சும்மாதானே இருக்கிறீங்க. வார இறுதியில ஆள் காணாது, கவுண்டரில வந்து நில்லுங்க. சம்பளமெண்டு தரமாட்டன், வொலன்டியர் மாதிரி. கார்ட் வந்த உடனே இந்தக் கவுண்டர் உங்களுக்குத்தான்” என்றார். மகளுக்கு வாயெல்லாம் பல். அவள் காதில் விழுந்தது பழைய பாட்டுத்தான்: இன்றைக்குச் சும்மா, நாளைக்கு நியமனம். மருமகனும் காசு வாங்காதவரை பிழையில்லை என்றே நினைத்தான். எனக்கும் வட்ஸ்அப்பில் சொன்னாள். நானும், “போ மகள், நாலு பேரைப் பார்த்த மாதிரி இருக்கும்” என்றேன். இந்தப் பிழையில் எனக்கும் பங்கு உண்டு.

வெள்ளி பின்னேரம், சனி, ஞாயிறு. மொத்தம் இரண்டரை நாள். ஞாயிறு இரவு வீட்டுக்கு வரும்போது கடைக்காரர் இரண்டு பைகளைக் கையில் கொடுத்திருக்கிறார். சம்பா அரிசி, முருங்கைக்காய், ஒரு பிடி கறிவேப்பிலை, ரின் மீன் நாலு. மருமகன் பையைப் பார்த்துவிட்டு, “இதுக்கு எவ்வளவு குடுத்தாய்?” என்று கேட்டான். “குடுக்கல்ல, நிண்டதுக்குத் தந்தவர்” என்றாள். அவன் படித்தவன். அந்த ஒரு பதிலில் அவனுக்கு உறைத்துவிட்டது. திங்கள் காலையில் முதல் வேலையாகச் சட்டத்தரணிக்குத் தொலைபேசி.

அந்தச் சட்டத்தரணி அம்மா சொன்னதை மருமகன் எனக்குத் திருப்பிச் சொன்னான். எனக்கு விளங்கின அளவில் எழுதுகிறேன். நான் சட்டத்தரணி இல்லை, தபாற்கந்தோர்க்காரன். பார்சலுக்குள் என்ன என்று கேட்டுப் பழகியவன், அவ்வளவுதான்.

இலாபத்துக்கு நடக்கும் கடைக்கோ கொம்பனிக்கோ அங்கே ஒருவர் ‘தொண்டர்’ ஆக முடியாது. அமெரிக்கப் பிரஜையாக இருந்தாலும் அப்படித்தான். 1938இல் வந்த சம்பளச் சட்டம் இருக்கிறது: உழைப்பைக் கொடுத்தால் முதலாளி குறைந்தபட்சக் கூலியைக் கொடுத்தே ஆக வேண்டும், “எனக்கு வேண்டாம்” என்று உழைத்தவன் எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. அடுத்தது குடிவரவுச் சட்டம். அதன்படி சம்பளத்துக்கோ வேறு பிரதிபலனுக்கோ முதலாளிக்கு உழைத்தால் அது வேலை. அந்த ‘வேறு பிரதிபலன்’ என்கிற இடத்தில்தான் சம்பா அரிசிப் பை வந்து உட்காருகிறது. சாப்பாடு, தங்க இடம், சாமான் எல்லாம் அதற்குள் அடங்கும். பை இல்லாமல் போயிருந்தாலும் தப்பியிருக்க முடியாது, ஏனென்றால் அந்தக் கவுண்டரில் மற்ற நாட்களில் நின்ற பெண் சம்பளம் வாங்குகிறவள். “கார்ட் வந்தால் வேலை உனக்கு” என்ற வாக்குறுதி வேறு இருக்கிறது. தொண்டன் என்றால் எதையும் எதிர்பார்க்கக் கூடாது என்கிறது அவர்களுடைய விதி. எங்கள் தொண்டர் ஆசிரியர்களோ எதிர்பார்ப்பை மட்டுமே சாப்பிட்டு உயிர் வாழ்கிறவர்கள். ஒரே சொல்தான், இங்கே ஒன்றைக் குறிக்கிறது, அங்கே அதற்கு நேர் எதிரானதை.

எனக்கு இது முதலில் அநியாயமாகத்தான் பட்டது. விரும்பி ஒருவர் உழைக்கிறார், இன்னொருவர் பெற்றுக்கொள்கிறார், இடையில் அரசாங்கத்துக்கு என்ன வேலை? மருமகன் 1985ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின் சுருக்கத்தை அனுப்பினான். ஒரு மத நிறுவனம் பெற்றோல் நிலையம், உடுப்புக் கடை, பன்றிப் பண்ணை என்று வியாபாரங்களும் நடத்தியது. அங்கே உழைத்தவர்கள் பெரும்பாலும் போதைப் பழக்கத்திலிருந்தும் தெருவிலிருந்தும் மீண்டு வந்தவர்கள். சம்பளம் இல்லை, உணவு, உடை, தங்குமிடம். வழக்கில் அவர்களே எழுந்து, நாங்கள் தொண்டர்கள், எங்களுக்குச் சம்பளம் வேண்டாம் என்றார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. அவர்கள் ஊழியர்களே என்றது. அப்படி ஒரு விலக்குக் கொடுத்தால் பலமுள்ள முதலாளி தன்னிடம் இருக்கிறவனையெல்லாம் ‘நான் தொண்டன்’ என்று சொல்ல வைத்துவிடுவான் என்பது அவர்கள் காட்டிய காரணம். இதை வாசித்த இரவு மகளின் பொலித்தீன் உறையை எடுத்துப் பார்த்தேன். 4 கடிதத்திலும் ஒரே வாசகம்: “தனது சுயவிருப்பின் பேரில்.”

கடைக்குப் போவது அன்றோடு நின்றது. ஆனால் கதை நிற்கவில்லை.

சில மாதங்களில் மருமகனின் மனு சரிவந்து, இருவரும் கிறீன் கார்ட்டுக்கு விண்ணப்பித்தார்கள். கட்டணம் ஆளுக்கு 1,440 டொலர், மகளின் வேலை அனுமதிக்கு மேலும் 260. அவளுக்கு மட்டும் 1,700 டொலர், எங்கள் காசில் 5 இலட்சம். சரி, காசு போகட்டும். அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: அமெரிக்காவில் அனுமதியில்லாமல் எப்போதாவது வேலை செய்தீர்களா? பக்கத்தில் இரண்டு பெட்டி, ஆம் அல்லது இல்லை.

வீட்டில் பெரிய வாக்குவாதம். என் மனைவி, “இரண்டரை நாள் கடையில நிண்டது ஆருக்குத் தெரியப்போகுது, இல்லையெண்டு போடச் சொல்லுங்க” என்றாள். அக்காவும் அந்தப் பக்கம். மகள் அழுதாள். சட்டத்தரணி அம்மா மட்டும் அசையவில்லை. இரண்டரை நாளுக்குச் சட்டத்திலேயே மன்னிப்பு இருக்கிறது, கொம்பனி மூலம் வருகிற இந்த வகை மனுவில் இப்படிப்பட்ட பிழைகள் மொத்தம் 180 நாளுக்குள் இருந்தால் மனு அதனால் விழாது, ஆனால் கையெழுத்துப் போட்டுப் பொய் சொன்னால் அதைத் தூக்க ஆளில்லை என்றிருக்கிறார். அமெரிக்கப் பிரஜையைக் கட்டியவர்களுக்கு இந்த விடயத்தில் வேறு ஒரு விலக்கு இருக்கிறதாம். கிறீன் கார்ட் மட்டும் வைத்திருக்கும் ஒருவரை அங்கேயே கட்டிக்கொண்டு மனுப் போடுகிறவர்களுக்கு இந்த இரண்டும் கைகொடுக்காது. ஆகவே, “அவளுக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்று என் மகளை உதாரணம் காட்டி யாரும் கடைக்குப் போய்விட வேண்டாம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குடியேற்ற விசாவோடு இங்கிருந்தே போகிறவர்கள் இறங்கிய நாளிலிருந்து வேலை செய்யலாம், அவர்களுக்கு இந்தக் கடிதம் தேவையில்லை.

மகள் ‘ஆம்’ என்ற பெட்டியில் குறியிட்டாள். கூடவே ஒரு பக்க விளக்கம்: எந்தெந்த நாள், எத்தனை மணித்தியாலம், இரண்டு பையில் என்னென்ன. கறிவேப்பிலையைக் கூட விடவில்லை.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் பூட்டிக்கொண்டு இருந்தாளா என்றால் இல்லை. இந்தப் பகுதிக்காகத்தான் இந்தக் கடிதமே. கடையில் சூடு கண்டவர்கள் எல்லாவற்றுக்கும் பயந்து போவார்கள், அதுவும் தேவையில்லை. அங்கே இலாப நோக்கமில்லாத நிறுவனங்கள் எத்தனையோ. எப்போதும் சம்பளமில்லாத் தொண்டர்களைக் கொண்டே நடக்கும் வேலைகள் அவற்றில் உண்டு. அந்த மாதிரி இடத்தில், ஒன்றும் வாங்காமல், ஒன்றும் எதிர்பார்க்காமல் கைகொடுப்பதற்கு வேலை அனுமதி கேட்பதில்லை. சட்டத்தரணியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத்தான் போனாள்.

முதலில் போனது உணவு வங்கி. சனிக்கிழமைகளில் ஒரு பெரிய களஞ்சியத்தில் நின்று, ஊரார் கொடுத்த ரின்களைத் திகதி பார்த்துப் பிரித்து அடுக்க வேண்டும். மடிப்பில் நெளிந்த ரின் கழிவு, பக்கத்தில் சும்மா அமுங்கினது பரவாயில்லை. என் மனைவிக்கு இது பொறுக்கவில்லை. “படிப்பிச்ச புள்ள, ரின் அடுக்கவா அமெரிக்கா போனது?” நான் 2004 டிசம்பர் 26ஐ ஞாபகப்படுத்தினேன். கடல் வந்து போன பிறகு எங்கள் ஊர்ப் பாடசாலைகளில் சனம் படுத்திருந்தபோது பெட்டி பெட்டியாக வெளிநாட்டு ரின் வந்தது. ஒன்றைத் திறந்தால் இனிப்புக் குழம்பில் அவரைக்கொட்டை. பிள்ளைகள் வாயில் வைக்கவில்லை, மனைவி அதைக் கழுவி, மிளகாய்த்தூள் போட்டுச் சுண்டிக் கொடுத்தாள். “அந்த ரின்னையும் எங்கேயோ ஒரு மண்டபத்தில யாரோ ஒரு பிள்ளை நிண்டு அடுக்கியிருக்கும்” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “திகதியை வடிவாப் பாக்கச் சொல்லுங்க” என்றாள்.

அந்த உணவு வங்கியில் வேலை முடிந்து போகும்போது, வேண்டுமானால் தொண்டர்களும் ஒரு பை சாமான் எடுக்கலாம். 1998இல் சம்பளச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு திருத்தம் வந்திருக்கிறது: மனிதாபிமானத்துக்காக மட்டும் உணவு வங்கியில் தொண்டு செய்கிறவர் அங்கே சாமான் பெற்றாலும் ஊழியராகிவிட மாட்டார். மகள் எடுக்கவில்லை. அது சம்பளச் சட்டம், தன்னைப் பிடித்திருப்பது குடிவரவுச் சட்டம், இரண்டும் இரண்டு வீடு என்றாள். அரிசிப் பையில் ஒரு தடவை பட்டவள் அல்லவா.

பிறகு பொது நூலகம். வெளிநாட்டுக்காரர் ஆங்கிலம் பேசிப் பழக வாரத்தில் ஒரு நாள் வட்டமாக உட்காருவார்கள். முதலில் பழகப் போனவள், மூன்று மாதத்தில் பழக்கிவிடுகிறவளானாள். சீனத்து அம்மா ஒருவர், தென்னமெரிக்கப் பெண்கள் இருவர், எங்கள் படுவான்கரை ரீச்சர். மண்டூர்ப் பிள்ளைகளுக்குப் படம் கீறி ஆங்கிலம் காட்டினது இங்கே நல்லாய் ஓடுது என்றாள். நூலகத்தில் தொண்டர்களின் மணித்தியாலங்களைக் கணக்கு வைக்கிறார்கள். கேட்டால் கடிதம் தருவார்கள். “என்னப்பா, திரும்பவும் சேவைக் கடிதமா?” என்று சிரித்தேன். “இதுல நியமனம் எண்டு ஒண்டும் இல்லை அப்பா, நிம்மதியாப் போய் வாறன்” என்றாள்.

ஞாயிறுகளில் தமிழ்ப் பாடசாலை. பெற்றோர்களே சேர்ந்து நடத்துவது, படிப்பிக்கிற எவருக்கும் சம்பளமில்லை. வருட விழாவில் எல்லா ஆசிரியர்களுக்கும் 50 டொலர் பரிசு அட்டை கொடுத்தார்கள். மகள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கர்வம் பிடித்தவள் என்று இரண்டு பேர் முகம் திருப்பியிருக்கிறார்கள். ஒரு சின்ன அட்டை எவ்வளவு தூரம் பிரச்சினை தரும் என்று எனக்கும் நிச்சயமில்லை. ஆனால் கார்ட் வரும்வரை ‘வாங்கவில்லை’ என்று ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடிய நிலையில் அவள் இருக்க விரும்பினாள், நான் அவள் பக்கம். பஸ் காசு, தரிப்பிடக் காசு மாதிரி உண்மையாகச் செலவானதைப் பற்றுச்சீட்டுக் காட்டி வாங்குவது வேறு. மாதாமாதம் ‘செலவுக்கு’ என்று ஒரு தொகை கையில் வைத்தால் அதற்குப் பெயர் என்னவாக இருந்தாலும் சம்பளம் மாதிரித்தான் தெரியும். எங்கள் 3,000 ரூபாயை நினைத்துக்கொண்டேன்.

கோயிலைப் பற்றியும் கேட்பார்கள், எங்கள் சனம் கோயில் இல்லாமல் இருக்காது. கண்ணகி அம்மன் சடங்குக்குக் குடி (தாய்வழிக் குலம்) முறையில் வேலை பங்கிட்டுச் செய்கிற ஊர் எங்களுடையது. அங்கே கோயிலில் எல்லாரோடும் உட்கார்ந்து அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டலாம். ஆனால் கோயில் சம்பளத்துக்கு வைத்திருக்கும் சமையல்காரர் ஊருக்குப் போன இரண்டு மாதம் அவருடைய இடத்தில் தினமும் நில் என்றால், அம்மன் பேரைச் சொல்லிக் கேட்டாலும் அது கடைக் கவுண்டர்தான்.

இன்னொரு சுழி இருந்தது. இங்கே சாதாரண தரத்துக்கு ஆங்கிலம் படிப்பிக்கும் தனியார் வகுப்பு ஒன்று மகளை ‘சூம்’ வழியாகப் படிப்பிக்கச் சொல்லிக் கேட்டது. காசு ரூபாயில், என்னுடைய வங்கிக் கணக்குக்கு. அமெரிக்காவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். சட்டத்தரணி வேண்டாம் என்றார். காசு மட்டக்களப்பில் விழுந்தாலும் உழைக்கிற உடம்பு நியூ ஜேர்சியில் இருக்கிறது என்பது அவர் பதில். ஆகவே காசு வகுப்பு இல்லை. அதற்குப் பதில் தன் பழைய படுவான்கரைப் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சும்மாவே படிப்பித்தாள். அங்கே சனி இரவு எட்டரை, இங்கே ஞாயிறு காலை ஆறு. பிள்ளைகள் கோழி கூவுகிற சத்தத்தோடு வந்து உட்காருவார்கள். இது சரியான சும்மா.

அமெரிக்கா மட்டும் அல்ல, எங்கள் பிள்ளைகள் எல்லா இடமும் இருக்கிறார்கள். கனடாவில் ‘வேலை’ என்பதற்கு இன்னும் அகலமான விளக்கம்: சம்பளம் வாங்காவிட்டாலும், கனேடியர் செய்கிற வேலையோடு நேரடியாகப் போட்டிக்கு நிற்கிற செயலும் வேலைதான். பிரித்தானியாவில் புகலிடம் கேட்டவர் முடிவு வராமல் ஒரு வருடம் காத்திருந்த பிறகுதான் வேலை அனுமதி கேட்கலாம், அதற்கிடையில் தொண்டு நிறுவனத்தில் தொண்டு செய்யலாம், பயணச் செலவும் சாப்பாட்டுச் செலவும் மட்டும் வாங்கலாம். ஆனால் ஒப்பந்தம் போட்டு, நேரம் குறித்து, சம்பளமில்லாத ஊழியராக இருப்பதை அவர்கள் தொண்டாக எடுப்பதில்லை. அமெரிக்காவில் புகலிடம் கேட்டவர்களுக்கு 180 நாளுக்கு முன்னால் வேலை அனுமதி கொடுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் வாடகை, வட்டி, ஏஜன்சிக் கடன் எல்லாம் கழுத்தில் நிற்கும்போது ஒரு பெடியனிடம் “தொண்டு செய்” என்று சொல்வது எனக்கே கூச்சமாக இருக்கிறது. என் மகளுக்குச் சோறு போடக் கணவன் இருந்தான், அந்த வசதி எல்லாருக்கும் இல்லை. ஆனால் கையில் ஒன்றுமில்லாத அந்தப் பெடியனைத்தான் கடைக்காரர் முதலில் கூப்பிடுவார்.

வேலை அனுமதி அட்டை வர 5 மாதமும் 11 நாளும் ஆனது. தபாலில் அனுப்புகிறார்கள், பின்தொடர்கிற இலக்கத்தோடு. மருமகன் அந்த இலக்கத்தை எனக்கு அனுப்பினதுதான் அவன் செய்த பிழை. இரண்டு இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. எந்த ஊர்ப் பிரிப்பகத்துக்கு வந்தது, எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது என்று தொலைபேசியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓர் இடத்தில் 14 மணித்தியாலம் அசையவில்லை. என்னுடைய காலத்தில் ஒரு பதிவுத் தபால் இப்படிக் கிடந்திருந்தால் விளக்கம் கேட்டு எழுதியிருப்பேன். “வீட்டுப் பெட்டியில் சேர்க்கப்பட்டது” என்று திரையில் விழுந்தபோது இங்கே விடியற்காலை இரண்டு மணி. மகளை நான்தான் எழுப்பிச் சொல்ல வேண்டும் என்று அழைத்தேன். அங்கே பகல் என்பதை மறந்துவிட்டேன்.

இப்போது ஒரு பாடசாலையில் வகுப்பறை உதவியாளராக இருக்கிறாள். சேர்ந்த முதல் நாளே ஒரு படிவத்தை நிரப்பி, அட்டையைக் காட்ட வேண்டியிருந்தது. 1986இல் வந்த சட்டப்படி, வேலைக்கு எடுக்கிறவர் மூன்று வேலை நாளுக்குள் அந்தத் தாள்களைப் பார்த்தே ஆக வேண்டும். அந்தக் கடைக்காரரும் பார்த்திருக்க வேண்டியவர்தான். முதல் மாதம் முடிந்ததும் மகள் சொன்னாள்: “அப்பா, இஞ்ச பதிவேட்டில கையெழுத்து வைச்சா காசு வருது.”

வெளிநாட்டில் கடை வைத்திருக்கும் எங்கள் ஆட்கள் உங்கள் பத்திரிகையைக் கைத்தொலைபேசியில் வாசிக்கிறார்கள் என்று தெரியும். அவர்களிடம் கேட்பது: ஆள் தேவையென்றால் அனுமதி உள்ளவரை எடுத்துச் சம்பளம் கொடுங்கள். அட்டைக்குக் காத்திருக்கும் பிள்ளையை ‘உதவி’ என்று கூப்பிடாதீர்கள். பிடிபட்டால் உங்களுக்குத் தண்டம், அந்தப் பிள்ளைக்குப் போவது எதிர்காலம். மட்டக்களப்பு நகரத்தில் பலகை போட்டு விசாப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவர்கள் படத்தின் அளவு எத்தனை அங்குலம் என்று சொல்கிற கவனத்தில் பாதியை வைத்து, போய் இறங்கிய பிறகு எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று பத்து நிமிடம் சொல்லிக் கொடுத்தால் பெரிய உபகாரம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நானே சொல்லப்போகிறேன். கலியாணம் முடியட்டும் என்று காத்திருக்கிறேன்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் என் தபால் பெருமையையும் பாதைக் கதையையும் தாராளமாக வெட்டுங்கள். ‘ஆம்’ பெட்டியில் குறியிட்டதை மட்டும் விட்டுவையுங்கள், மகள் அதை அச்சில் பார்க்க வேண்டும் என்கிறாள். பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபாலதிபர்,
களுவாஞ்சிகுடி.